நீரில் மூழ்கியோரை உயிர்ப்பித்தல்

திருகோணமலை நீரால் வளைக்கப்பட்ட மாவட்டம். ஆழமிக்க இயற்கைத் துறைமுகம் ஒருபால். மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடா ஒருபால். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகள் ஒருபால். உள்நாட்டிலே கந்தளாய்க் குளமும் அதன் வாய்க்கால்களும். இவை போதாவென்று வளவுக்கு வளவு கிணறு. இத்தகைய நிலத்தார் யாவரும் நீந்த வல்லவர் என வெளியூரார் எண்ணுதல் இயல்பே. ஆயின் கரையிற் பிறந்ததனால் மட்டும் ஒருவருக்கு நீச்சல் வந்துவிடுவதில்லை.

2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி, கிண்ணியாவிலே குறிஞ்சாக்கேணியிற் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மாணவரையும் பிறரையும் ஏற்றிச் சென்ற படகுப் பாதை கவிழ்ந்தது. அன்றே அறுவர் மாண்டனர். அவருள் நால்வர் சிறுவர். அது ஆழ்கடலன்று, அக்கரை கண்ணுக்குத் தெரியும் களப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அதே ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர்.

மூழ்குபவர் உரத்துக் கூவிக் கைகளை வீசுவார் என்பது பொதுவான எண்ணம். பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. மூச்செடுக்கவே முடியாதவர் கூவுவது எங்ஙனம்? வாய் நீர்மட்டத்துக்கு மேலுங் கீழுமாய்ப் போய்வர, கைகள் நீரை அமுக்க, ஓசையின்றியே அவர் அமிழ்ந்துவிடுவார். பல வேளைகளில் பத்து முழத் தொலைவில் நிற்பவரும் அதனை அறியார்.

மூச்சு நின்றதும் குருதியிலுள்ள ஒட்சிசன் விரைவிற் குறைகின்றது. முதலில் உணர்வு கெடும். பின்னர் சுவாசம் ஓயும். இறுதியிலேதான் இருதயம் நிற்கும். ஒட்சிசன் பெறாத மூளை நான்கைந்து நிமிடங்களில் ஊறுபடத் தொடங்கும். மாரடைப்பினால் திடீரெனச் சாய்ந்தவரின் குருதியில் ஒட்சிசன் இன்னும் எஞ்சியிருக்கும். ஆதலால் அவருக்கு நெஞ்சை அழுத்துதல் முதன்மையானது. மூழ்கியவரின் குருதியிலோ அது தீர்ந்திருக்கும். அவருக்கு முதல் மருந்து காற்றே. இவ்வேறுபாட்டை உணர்ந்துகொண்டால் ஏனைய முறைகள் தாமே விளங்கும்.

எம்மவர் வழக்கம் இதற்கு மாறானது. கரைசேர்த்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவர். பெரியவராயின் குப்புறக் கிடத்தி வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பர். நீர் வெளிவருதலைக் கண்டு சூழ நிற்போர் ஆறுதலும் அடைவர். அவ்வாறு வருவது பெரிதும் வயிற்றில் விழுங்கப்பட்ட நீர். அதனால் உயிர் போவதில்லை. மேலே ஏறி மூச்சுக்குழலுட் புகுந்தாலோ கேடு மிகும். நுரையீரலுட் சென்ற நீர் பொதுவாகச் சிறிதளவே; அதனை இவ்வாறு வடித்தெடுக்க முயல்வதனாற் பயனில்லை. கடல்நீராயினும் கிணற்றுநீராயினும் முதலுதவி ஒன்றே.

இப்பிழையில் எம்மவர் தனித்து நிற்கவில்லை. 1767இல் ஆம்ஸ்டர்டாம் நகரிலும், 1774இல் இலண்டனிலும், மூழ்கியோரை மீட்பதற்கெனக் கழகங்கள் தோன்றிய காலத்தில், ஆசனவாய் வழியே புகையிலைப் புகையைச் செலுத்துதலும் ஒரு சிகிச்சையாய் இருந்தது! பின்னர் சில்வெஸ்டர், ஷேபர், ஹோல்கர் நீல்சன் என்போர் வகுத்த முறைகள், கைகளை உயர்த்தியும் முதுகை அழுத்தியும் சுவாசத்தை உண்டாக்க முயன்றன. வாயோடு வாய் வைத்து ஊதுதலே இவற்றினும் மேலானது என்பதை 1950களின் பிற்பகுதியில் ஜேம்ஸ் ஈலம், பீற்றர் சாபர் ஆகிய மருத்துவர்கள் நிறுவினர். 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மூவர், நெஞ்சை வெளியிலிருந்து அழுத்திக் குருதியைச் செலுத்தலாமென வெளியிட்டனர். அம்மூவருள் கூவன்ஹோவன் மருத்துவரல்லர், மின்பொறியியலாளர்.

கரைசேர்த்தவரை மல்லாக்கக் கிடத்தித் தோளைத் தட்டி அழைக்கவேண்டும். மறுமொழியின்றேல், ஒரு கையை நெற்றியில் வைத்துத் தலையைச் சாய்த்து, மறு கைவிரல்களால் மோவாயை உயர்த்தவேண்டும். பின்தள்ளியிருக்கும் நாக்கு இதனால் விலகிக் காற்றுவழி திறக்கும். பத்து விநாடிக்கு மேற்படாமல் மூச்சு உண்டோவென நோக்குக. இடையிட்டு வரும் விக்கல் போன்ற இழுப்பு மூச்சன்று. மூச்சில்லையேல் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் பொருத்தி, நெஞ்சு மேலெழும் அளவுக்கு ஐந்து முறை ஊதவேண்டும். வாயில் நுரை தள்ளினாலும் அதைத் துடைத்துக்கொண்டிராது ஊதுதலே தக்கது. வாந்தி வந்தாற் பக்கவாட்டிற் புரட்டித் துடைத்தபின் தொடர்க.

அதன் பின்னும் அசைவில்லையேல், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின்மேல் மறு கையை வைத்து, முழங்கை மடியாமல், ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தல். பின் இரண்டு மூச்சு. சிறுவருக்கு ஒரு கையும், கைக்குழந்தைக்கு இரு கைப்பெருவிரல்களும் அமையும். ஆழம் நெஞ்சின் மூன்றிலொரு பங்கு. இது சில நிமிடங்களிலேயே அழுத்துபவரைக் களைப்பிக்கும். ஆகையால் இருவராய் மாறி மாறிச் செய்தல் நன்று. உதவி வருமளவும் நிறுத்தலாகாது.

மீட்கச் செல்பவரைப்பற்றியும் ஒரு சொல். பிள்ளை அமிழக் கண்ட தாயோ தந்தையோ பாய்ந்துவிடுதல் இயற்கை. அதனால் ஓர் உயிருக்கு ஈருயிர் போன செய்திகள் பலவாகும். கயிறு, கம்பு, துடுப்பு, ஏன், மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்ரிக் கானும் போதும். மூழ்குபவர் பற்றிக்கொள்ள ஒன்றை எறிதல், தாமே நீரில் இறங்குவதினும் மேல். பயிற்சியில்லாதவர் நீருள் இறங்கலாகாது.

இலங்கையில் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். கூட நிற்பவருள் ஒருவரைச் சுட்டி, 'நீர் அழையும்' எனப் பணிக்கவேண்டும்; கூட்டத்தை நோக்கி 'யாராவது அழையுங்கள்' என்றால் ஒருவரும் அழையார். தனித்து நிற்பவர் தொலைபேசியின் ஒலிபெருக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஊதலாம்.

மூச்சுத் திரும்பியவரை ஒருக்களித்துக் கிடத்தி, ஈர உடை களைந்து, உலர்ந்த துணியாற் போர்த்துக. எழுந்திருந்து பேசினாலும், 'இனி ஒன்றுமில்லை' என வீட்டுக்கு அனுப்பிவிடலாகாது. மூச்சுவழி நீர் சென்றவருக்குச் சில மணி நேரத்தின் பின் இருமலும் மூச்சுத்திணறலும் தோன்றி நோய் முற்றுதல் உண்டு. ஆதலின் அவர் அன்றே வைத்தியசாலையிற் காட்டப்படவேண்டும்.