மானின் பருமனும் தாயின் தீனியும்

ஒரே இனத்துப் பிராணிகளுள் சில பருத்தும் சில சிறுத்தும் இருப்பதற்குக் காரணம் பிறவியா, மேய்ச்சலா என்னும் கேள்வி கால்நடை வளர்ப்போர் அனைவருக்கும் எழுவதாகும். இதற்கு அமெரிக்காவின் வெள்ளைவால் மான்கள் தக்க விடை அளிக்கின்றன.

வடக்கேயுள்ள குளிர்ப் பிரதேசங்களில் இவ்வினத்து ஆண்மான் 200 ராத்தலுக்கு மேலும் நிறை காண்பதுண்டு. பெரிய உடல் தன் நிறையை நோக்கக் குறைந்த மேற்பரப்பே உடையதாதலின், உஷ்ணத்தை மெதுவாகவே இழக்கும். இவ்விதியை 1847-ஆம் ஆண்டில் பெர்க்மன் என்னும் ஜெர்மானியர் எடுத்துரைத்தார். தெற்கே, பிளாரிடாவின் கீஸ் தீவுகளில் வாழும் ஆண்மானோ 55 முதல் 75 ராத்தல் வரையே இருக்கும். நெடுங்காலம் தீவுகளில் தனித்து வாழ்ந்தமையால் இச்சிறுமை அவற்றிற்குப் பரம்பரைக் குணமாயிற்று.

ஆயினும் சிறுத்த மான் யாவும் பிறவியிற் சிறியன அல்ல. தெற்கு டக்கோட்டா மாகாணத்தின் கிழக்கே மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் நிலங்களை அடுத்து வாழும் மான்கள் பருத்தவை. மேற்கே பிளாக் ஹில்ஸ் என்னும் பைன்மரக் குன்றுகளில் சத்துக் குறைந்த தழைகளை மேயும் மான்கள் சிறுத்தவை. இரு பகுதிகளின் மான்கன்றுகளையும் ஆராய்ச்சியாளர் ஓரிடத்திற் கொணர்ந்து, ஒரேவிதமான சத்துள்ள தீனி அளித்து வளர்த்தனர்.

2009-ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு கவனிக்கத்தக்கது. நல்ல தீனி தின்றும், குன்றுப் பகுதி ஆண்மான்கள் உடலிலும் கொம்பிலும் பின்தங்கியே நின்றன. ஆராய்ச்சி அத்துடன் நின்றிருப்பின், குறை பிறவியினது என்றே எவரும் தீர்மானித்திருப்பர். ஆனால், நல்ல தீனியில் வளர்ந்த குன்றுப் பகுதித் தாய்களுக்குப் பிறந்த அடுத்த தலைமுறை ஆண்மான்கள், கிழக்குப் பகுதி மான்களின் பருமனை ஏறக்குறைய எட்டிவிட்டன. முதல் தலைமுறையைப் பின்னிழுத்தது, காட்டில் தாய் பட்ட குறையே என்பது இதனால் விளங்கிற்று.

ஆகவே, பிராணி எவ்வளவு வளரக்கூடும் என்னும் எல்லையைப் பரம்பரை வகுக்கின்றது. அவ்வெல்லையை எட்டச் செய்வது தீனி. அதுவும் ஒரு தலைமுறையில் முற்றுப்பெறுவதன்று.

பசுவும் ஆடும் வளர்க்கும் குடியானவர்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். சினைக்காலத்தில் தாயைப் பட்டினியிட்டு, பிறந்த கன்று சிறுத்தது கண்டு ஜாதியைப் பழிப்பது நியாயமன்று. மந்தையை விற்றுவிட்டு வேறு ஜாதி வாங்க முற்படுமுன், சினைப்பசுவின் தீவனத்தொட்டியை ஒருமுறை நோக்குக. அங்கே குறையிருப்பின், பெரும் பணம் கொடுத்து வாங்கிய புதிய ஜாதியும் அதே கொட்டிலில் சிறுத்தே போகும்.