செய்தியை வெளிவரும் முன்பே தடுக்கலாமா?

சினிமாப் படம் தியேட்டருக்குப் போகும் முன் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். பத்திரிகைக்கு அப்படி எதுவும் வேண்டாம். நாளை காலை வரவிருக்கும் பக்கத்தை இன்றிரவு எந்த அதிகாரியிடமும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. எழுதியது பொய்யென்றால் அவதூறு வழக்கு உண்டு, நஷ்டஈடு உண்டு, சிறைகூட உண்டு. ஆனால் அதெல்லாம் இதழ் கடைக்கு வந்த பிறகு.

முதலில் வெளியீடு, பிறகு வழக்கு என்கிற இந்த வரிசையில்தான் நம் நாட்டின் பத்திரிகைச் சுதந்திரம் பெருமளவு அடங்கியிருக்கிறது. அரசியலமைப்பில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கென்று தனிப் பிரிவு இல்லை. 19(1)(அ) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தரும் பேச்சுரிமையைத்தான் ஆசிரியரும் நிருபரும் பயன்படுத்துகிறார்கள். வரிசை மாறினால் நஷ்டம் வாசகருக்கு. வெளிவந்த செய்தியில் தப்பு இருந்தால் மறுப்பு வரும், வழக்கு வரும், நாமும் இரண்டு தரப்பையும் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம். வராமலே போன செய்தியைப் பற்றிச் சந்தேகப்படக்கூட நமக்கு வழியில்லை.

இந்த வரிசையை உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வழக்கில். 1994 மே மாதம் 'நக்கீரன்' ஓர் அறிவிப்பு வெளியிட்டது: ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கரின் சுயசரிதை தொடராக வரப்போகிறது. 1991-இல் சிறையில் இருந்தபடி அவர் சுமார் 300 பக்கம் எழுதித் தன் மனைவியிடம் கொடுத்ததாக இதழ் தரப்பு சொன்னது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த நெருக்கம் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார் என்றது.

ஜூன் மாதம் சிறைத்துறை ஐ.ஜி.யிடமிருந்து இதழுக்குக் கடிதம் போனது. சங்கர் அப்படி எதையும் எழுதவில்லை, இது சிறை விதிகளுக்கு விரோதம், வெளியிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. எழுதவே இல்லை என்று சொன்ன கையோடு, எழுதியதை வெளியிடாதே என்றும் சொன்னது அந்தக் கடிதம். ஆசிரியர் கோபால் நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தங்களைப் பற்றி அவதூறு வரலாம் என்று அஞ்சி வெளியீட்டையே முன்கூட்டித் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரம் தரும் சட்டம் எதுவும் இல்லை. வந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றது. அதிகாரி தன் பதவிக் கடமை சார்ந்த செய்திக்காக நஷ்டஈடு கேட்டால், செய்தி பொய் என்பதோடு, உண்மையைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் அது வெளியிடப்பட்டது என்பதையும் அவரே நிரூபிக்க வேண்டும். நியாயமாக விசாரித்துத்தான் எழுதினோம் என்று காட்டினால் பத்திரிகைக்கு அது போதும். அரசோ உள்ளாட்சி அமைப்போ ஓர் அமைப்பு என்ற முறையில் அவதூறுக்கு நஷ்டஈடு கேட்கவே முடியாது.

இதே தீர்ப்பு பத்திரிகைக்கும் ஒரு கோடு போட்டது. நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணத்தில் உள்ளதை யாருடைய அனுமதியும் இல்லாமல் எழுதலாம். அதைத் தாண்டி ஒருவருடைய குடும்பம், திருமணம், பிள்ளைகள் என்று போனால் அது அந்தரங்கத்தில் தலையிடுவது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. அந்தரங்க உரிமை பற்றி இன்று நாம் பேசுவதில் பாதி, ஒரு கொலைக் கைதியின் கதையைச் சுற்றி நடந்த இந்த வழக்கிலிருந்து வந்தது. சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

இதற்கு வெகுகாலம் முன்பே, அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டிலேயே, சென்னை மாநில அரசு இந்த விஷயத்தில் ஒரு முறை குட்டுப்பட்டிருக்கிறது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் மாநிலத்துக்குள் நுழையக் கூடாது என்று 1950-இல் தடை போட்டது. விநியோகம் இல்லாமல் வெளியீட்டுக்கு மதிப்பில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அடுத்த ஆண்டே நேரு அரசு முதலாவது திருத்தத்தைக் கொண்டுவந்து, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்பதைச் சேர்த்தது.

1994 தீர்ப்பு தொடாமல் விட்ட கதவுகளும் உண்டு. நீதிமன்ற அவமதிப்பு ஒன்று, சட்டமன்ற உரிமை மீறல் இன்னொன்று. இரண்டாவது எப்படி வேலை செய்யும் என்பதைத் தமிழ்நாடு 1987-இல் பார்த்தது. எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் பிக்பாக்கெட், முகமூடிக் கொள்ளைக்காரன் தோற்றத்தில் காட்டி ஒரு நகைச்சுவைப் படம் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்தது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது சட்டமன்றம். புண்பட்டதாகச் சொன்னவர்களே நீதிபதிகளாகவும் உட்கார்ந்தார்கள். நாடெங்கும் கண்டனம் எழுந்ததும் சில நாளில் அவரை விட்டார்கள். அவர் விடவில்லை, வழக்கு நடத்தி, சிறையில் வைத்தது செல்லாது என்ற தீர்ப்பையும் 1,000 ரூபாய் இழப்பீட்டையும் பெற்றார்.

இன்று கடிதம் எழுதி மிரட்டும் அதிகாரி அபூர்வம். இப்போதைய வழி, எதிர்த்தரப்பைக் கேட்காமலே நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்குவது. பணபலம் உள்ள நிறுவனத்துக்கு இது வசதி. விசாரணை முடியப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை கட்டுரை இருட்டில் கிடக்கும். 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்துக்கு எதிராக ஜீ தொலைக்காட்சி நிறுவனம் போட்ட வழக்கில் இப்படிக் கட்டுரையை நீக்கச் சொன்ன உத்தரவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், செய்தி அப்பட்டமான பொய் என்று தெரிந்தாலொழிய விசாரணைக்கு முன் தடை கொடுக்காதீர்கள் என்று கீழ் நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

இணையத்தில் இன்னொரு வழி, இணையப் பக்கங்களை முடக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடனின் இணையதளம் முழுவதுமே முடங்கியது. படம் ஒன்று, முடக்கியது மொத்தத் தளத்தை. அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிடலாம் என்று மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே தளம் திரும்பியது. அச்சில் வந்திருந்தால் இவ்வளவு எளிதாக முடக்கியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

சரி, ஒரு பத்திரிகை உங்களைப் பற்றியே தப்பாக எழுதிவிட்டால்? முதலில் ஆசிரியருக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் இந்தியப் பத்திரிகை மன்றம் இருக்கிறது. நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் அங்கே புகார் செய்ய வேண்டும். ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலும் கூடவே போக வேண்டும். மன்றம் எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். அபராதம் போட முடியாது. தொலைக்காட்சியும் யூடியூபும் அதன் எல்லைக்குள் வராது.