சட்டசபையும் பொதுப்பணமும்: இந்திய மாநிலங்களில் அரச திணைக்களங்கள் நிதி பெறும் முறை

கிராமப் பாடசாலையொன்றின் ஆசிரியர் மாதந்தோறும் பெறும் சம்பளமும், மாவட்ட வைத்தியசாலைக்கு வாங்கப்படும் மருந்தும், மழையில் அழிந்த வீதியைத் திருத்துவதற்கான செலவும் பொதுப்பணத்திலிருந்தே வருவன. அப்பணத்தை எடுத்துச் செலவிடும் உரிமை திணைக்களங்களுக்கு எங்கிருந்து கிடைக்கின்றது என்னும் வினாவுக்கு ஆட்சியியல் தரும் விடை எளிதானது: மக்களிடமிருந்து பெறப்பட்ட பணத்தை மக்களின் பிரதிநிதிகளது சம்மதமின்றிச் செலவிடல் ஆகாது என்பதாம். இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையே நிகழ்ந்த நெடும் போராட்டத்தினூடே வலுப்பெற்ற இக்கோட்பாடு, 1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பில் மத்திய அரசுக்கு மட்டுமன்றி மாநிலங்களுக்கும் உரியதாக விரித்து எழுதப்பட்டுள்ளது.

இந்திய மாநிலமொன்றின் சட்டசபை, ஆண்டுதோறும் தன் திணைக்களங்களுக்கு எவ்வாறு நிதி வழங்குகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வரவு செலவுத் திட்டத்தை நிதியமைச்சர் ஒருநாள் வாசிக்கும் உரையாகவே பலர் கருதுவர். உண்மையில் அவ்வுரை ஒரு நீண்ட சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே. அச்சங்கிலியின் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் சட்டசபையின் நிதியதிகாரம் பெயரளவினதாகிவிடும் என்பதை அண்மைக்கால வரலாற்றில் நிகழ்ந்த இரு சம்பவங்கள் உணர்த்துகின்றன. அவை பின்னர் எடுத்துரைக்கப்படும்.

திரட்டு நிதி

மாநிலம் பெறும் வரிகள், மத்திய அரசின் வரிகளிலிருந்து கிடைக்கும் பங்கு, மானியங்கள், பெறும் கடன்கள் ஆகியன யாவும் மாநிலத் திரட்டு நிதியிற் சேர்கின்றன. அரசியலமைப்பின் 266 ஆவது உறுப்புரையின்படி, சட்டத்தினால் அதிகாரமளிக்கப்பட்டாலன்றி இந்நிதியிலிருந்து ஒரு ரூபாவேனும் எடுத்தல் இயலாது. முதலமைச்சரோ, அமைச்சரவையோ, ஆளுநரோ தம் ஆணையினால் மட்டும் இந்நிதியைத் திறக்க முடியாது. எதிர்பாராத வெள்ளம், புயல் முதலிய இடர்களின்போது உடனடியாகச் செலவிடுதற்கென 267 ஆவது உறுப்புரை தற்செயல் நிதியொன்றை நிறுவ இடமளிக்கின்றது. ஆயினும், அதிலிருந்து எடுக்கப்பட்ட தொகைக்கும் பின்னர் சட்டசபையின் சம்மதம் பெறப்பட்டு, அது திரட்டு நிதியிலிருந்து ஈடுசெய்யப்படல் வேண்டும்.

மதிப்பீடுகள் உருவாகும் முறை

இந்திய மாநிலங்களின் நிதியாண்டு ஏப்ரல் 1 ஆந் திகதி தொடங்கி அடுத்த மார்ச் 31 ஆந் திகதி முடிவுறுகின்றது. ஆண்டு தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்னரே மாவட்ட அலுவலகங்கள் தத்தம் தேவைகளைக் கணித்துத் திணைக்களத் தலைவர்களுக்கு அனுப்புகின்றன. அவர்கள் தொகுத்தவற்றை நிதித் திணைக்களம் ஆராய்ந்து குறைக்க வேண்டியவற்றைக் குறைக்கின்றது. ஏற்கனவே நடைபெறும் பணிகளுக்கான செலவும் புதிய திட்டங்களுக்கான செலவும் வெவ்வேறாக நோக்கப்படும்.

இம்மதிப்பீடுகள் கணக்குத் தலைப்புகளின் கீழ் வகுக்கப்படுகின்றன. நான்கு இலக்கங்கொண்ட பெருந்தலைப்பு ஒரு துறையைச் சுட்டும். 2202 என்பது பொதுக் கல்வி. 2210 என்பது மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். 2403 என்பது கால்நடை வளர்ப்பு. ஒவ்வொரு பெருந்தலைப்பும் படிப்படியாகப் பிரிந்து, ஈற்றில் சம்பளம், பயணச் செலவு, மருந்துக் கொள்வனவு என்னும் தனித்தனிச் செலவினங்களில் வந்து முடிகின்றது. சுயாதீனமாக இயங்கும் பல்கலைக்கழகங்கள், சபைகள் முதலியன கூடத் தமக்குரிய மானியத்தைத் தம்மை மேற்பார்க்கும் திணைக்களத்தின் கணக்கினூடாகவே பெறுகின்றன. ஆகவே, ஒரு நிறுவனத்தின் ஓராண்டு வாழ்வு இம்மதிப்பீட்டு நூலின் ஒரு வரியில் அடங்கியிருத்தலுங் கூடும்.

மானியக் கோரிக்கைகளும் வாக்கெடுப்பும்

202 ஆவது உறுப்புரையின்படி ஆளுநர் ஆண்டு நிதிநிலை அறிக்கையைச் சட்டசபையின் முன் வைப்பிக்கின்றார். இதனையே நாம் வழக்கில் வரவு செலவுத் திட்டம் என்கின்றோம். இதிற் செலவுகள் இருவகையாகப் பிரித்துக் காட்டப்படும். ஆளுநரின் வேதனம், சபாநாயகரின் சம்பளம், உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், கடனுக்கான வட்டி, நீதிமன்றத் தீர்ப்பின்படி செலுத்த வேண்டிய தொகை ஆகியன திரட்டு நிதியின்மீது நேரடியாகப் பொறுப்பிக்கப்பட்டவை. இவற்றைச் சட்டசபை விவாதிக்கலாம். ஆனால் இவை வாக்கெடுப்புக்கு உட்படா. நீதிபதிகளது சுதந்திரமும் கடன் கொடுத்தோரது நம்பிக்கையும் அவ்வப்போதைய பெரும்பான்மையின் விருப்புக்கு உட்படலாகாது என்பதே இவ்வேற்பாட்டின் கருத்தாகும். எனினும், ஒரு மாநிலத்தின் வட்டிச்சுமை பெருகப் பெருக, சட்டசபை வாக்களித்து வழங்கக்கூடிய பங்கு சுருங்கிச் செல்லும் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது.

ஏனைய செலவுகள் மானியக் கோரிக்கைகளாகச் சபைக்கு வருகின்றன. ஒவ்வொரு கோரிக்கையும் பெரும்பாலும் ஒரு திணைக்களத்துக்கு உரியதாகும். சபை அக்கோரிக்கைக்கு இணங்கலாம், மறுக்கலாம், அல்லது தொகையைக் குறைத்து இணங்கலாம். ஆனால் அதனைக் கூட்டுதல் இயலாது. ஆளுநரின் பரிந்துரையின்றி எந்த மானியமும் கோரப்படலாகாது என 203 ஆவது உறுப்புரை விதிக்கின்றது. ஆளுநரின் பரிந்துரை என்பது நடைமுறையில் அமைச்சரவையின் தீர்மானமே. எனவே செலவைத் தொடக்கும் அதிகாரம் நிருவாகத்திடமும், அதனைத் தடுக்கும் அதிகாரம் சபையிடமும் வைக்கப்பட்டுள்ளன. மேற்சபை உள்ள ஒரு சில மாநிலங்களிலும் இவ்வாக்குரிமை மக்கள் நேரடியாகத் தெரிந்தெடுத்த சட்டசபைக்கு மட்டுமே உண்டு.

குறைப்புக்கான கருவியாக வெட்டுப் பிரேரணை அமைகின்றது. ஒரு கோரிக்கையை ஒரு ரூபாவாகக் குறைக்குமாறு கேட்பது திணைக்களத்தின் கொள்கையையே மறுப்பதாகும். குறித்ததொரு தொகையைக் குறைக்கக் கேட்பது சிக்கனங் கருதியதாகும். நூறு ரூபா குறைக்கக் கேட்பது ஒரு குறையைச் சபையில் எடுத்துரைப்பதற்கான வாயிலாகும். பெரும்பான்மை பெற்ற அரசு இருக்கும் வரை இப்பிரேரணைகள் நிறைவேறுதல் அரிது. ஆயினும், தம் தொகுதியில் மருத்துவரில்லாத வைத்தியசாலையைப் பற்றி ஓர் உறுப்பினர் அமைச்சரை நேருக்கு நேர் வினவுவதற்கு இவை வாய்ப்பளிக்கின்றன.

இவ்வாய்ப்புக்குப் பெருந்தடையாக இருப்பது காலக்குறைவாகும். கோரிக்கைகளுக்கென ஒதுக்கப்பட்ட இறுதி நாளில் குறித்த நேரம் வந்ததும், விவாதிக்கப்படாத கோரிக்கைகள் யாவும் ஒருங்கே வாக்கெடுப்புக்கு விடப்படும். பிரெஞ்சுப் புரட்சிக்காலத் தலைவெட்டும் பொறியின் பெயரால் இதனைக் கில்லட்டின் என்பர். சபை கூடும் நாட்கள் குறையுமிடத்து, பெருந்தொகையான பணம் ஒரு வினாவும் எழாமலே இவ்வாறு வழங்கப்பட்டுவிடுகின்றது. இஃது அரசியலமைப்பை மீறியதாகாது. எனினும் சபை தன் உரிமையைத் தானே கைநெகிழவிடுவதாகும்.

ஒதுக்கீட்டுச் சட்டம்

வாக்களிக்கப்பட்ட மானியங்களும் பொறுப்பிக்கப்பட்ட செலவுகளும் ஒன்றாக்கப்பட்டு ஒதுக்கீட்டுச் சட்டமூலமாக வருகின்றன. தொகையையோ அது செல்லும் நோக்கத்தையோ மாற்றும் திருத்தம் எதனையும் இந்நிலையிற் கொண்டுவரல் ஆகாது. இச்சட்டமூலம் சட்டமாகும்போதுதான் திரட்டு நிதியின் கதவு திறக்கின்றது. ஏப்ரலுக்கு முன் முழு விவாதமும் முடிவுறாவிடின், சில மாதங்களுக்கு மட்டும் செலவிட இடமளிக்கும் கணக்கு வாக்கினைச் சபை வழங்கலாம். ஆண்டின் நடுவில் தொகை போதாதாயின் குறைநிரப்பு மானியம் கோரப்படும்.

இச்சட்டமூலத்தின் மெய்யான வலு 2016 ஆம் ஆண்டில் உத்தரகாண்ட் மாநிலத்தில் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 18 ஆந் திகதி, 70 தொகுதிகளைக் கொண்ட அம்மாநிலச் சட்டசபையில் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் வந்தபோது, ஆளுங்கட்சியான காங்கிரஸின் ஒன்பது உறுப்பினர் எதிரணியினருடன் சேர்ந்து பெயர்வாரி வாக்கெடுப்பைக் கோரினர். சபாநாயகரோ குரல் வாக்கெடுப்பினாலேயே சட்டமூலம் நிறைவேறியதாக அறிவித்தார். பணம் வழங்க மறுக்கப்பட்ட அரசு பதவியில் நீடிக்கலாகாது என்பது பாராளுமன்ற ஆட்சியின் அடிப்படை மரபாதலின், சட்டமூலம் நிறைவேறியதா இல்லையா என்ற வினா, அரசு நிலைத்ததா வீழ்ந்ததா என்ற வினாவாயிற்று. மார்ச் 27 ஆந் திகதி மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ்க் கொண்டுவரப்பட்டது.

ஏப்ரல் முதலாந் திகதி அணுகிக்கொண்டிருந்தது. சட்டம் இன்றேற் சம்பளமும் இல்லை. ஆதலின் அம்மாநிலத்தின் செலவுகளுக்கு அதிகாரமளிக்கும் அவசரச் சட்டமொன்று மார்ச் 31 ஆந் திகதி குடியரசுத் தலைவராற் பிறப்பிக்கப்பட்டது. தெரிந்தெடுக்கப்பட்ட சபை வழங்க வேண்டிய சம்மதம் புதுதில்லியின் ஓர் ஆணையாக வந்தது. ஏப்ரல் 21 ஆந் திகதி மாநில உயர் நீதிமன்றம் குடியரசுத் தலைவர் ஆட்சியை நீக்கிற்று. மறுநாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை இடைநிறுத்திற்று. ஈற்றில் உச்ச நீதிமன்றத்தின் பணிப்பின்படி மே 10 ஆந் திகதி சபையிலேயே நடைபெற்ற வாக்கெடுப்பில் முதலமைச்சர் ஹரீஷ் ராவத் 33 வாக்குகளைப் பெற்றார். எதிராக 28 வாக்குகள் அளிக்கப்பட்டன. அவரது அரசு மறுநாள் மீண்டது. வாக்குகளை எண்ண வேண்டிய இடத்தில் எண்ணாமை ஒரு மாநிலத்தை ஏறக்குறைய ஏழு வாரங்கள் அலைக்கழித்தது எனலாம்.

திறைசேரியும் கணக்காய்வும்

சட்டம் நிறைவேறிய பின் பணம் திணைக்களத்தின் கைக்கு ஒருங்கே வந்துவிடுவதில்லை. திணைக்களத் தலைவர் தமக்குரிய ஒதுக்கீட்டை மாவட்ட அலுவலர்களுக்குப் பகிர்ந்தளிப்பார். அவர்கள் பட்டியல்களை மாவட்டத் திறைசேரியிற் சமர்ப்பித்துப் பணம் பெறுவர். ஒதுக்கீட்டில் மிகுதியுண்டா எனத் திறைசேரி அலுவலர் நோக்கிய பின்னரே பணம் செல்ல வேண்டும். மாதந்தோறும் இக்கணக்குகள் கணக்காளர் தலைமையலுவலகத்திற் சேர்ந்து தொகுக்கப்படும். மார்ச் 31 ஆந் திகதிக்குள் செலவிடப்படாத தொகை காலாவதியாகும். அதனாலேயே ஆண்டின் கடைசி வாரங்களிற் செலவு அவசர அவசரமாகப் பெருகும் வழக்கமும் தோன்றியுள்ளது.

இந்நிலையிற் காவல் தளர்ந்தால் விளைவது யாது என்பதைப் பீகாரின் கால்நடைத் தீவன ஊழல் காட்டிற்று. அம்மாநிலத்தின் கால்நடை வளர்ப்புத் திணைக்களத்தில், வழங்கப்படாத தீவனத்துக்கும் மருந்துக்கும் போலிப் பட்டியல்களும் போலி ஒதுக்கீட்டுக் கடிதங்களும் ஆக்கப்பட்டு, சட்டசபை வாக்களித்த தொகையிலும் மிகப் பெருந்தொகை ஆண்டுக்காண்டு திறைசேரிகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1996 ஆம் ஆண்டு ஜனவரியில், மேற்குச் சிங்பூம் மாவட்டத்தின் பொறுப்பதிகாரியாகவிருந்த அமித் காரே சாயிபாசாவில் மேற்கொண்ட திடீர்ச் சோதனை இதனை வெளிப்படுத்திற்று. முழு இழப்பு ஏறக்குறைய 950 கோடி ரூபா எனக் கணிக்கப்பட்டது. முதலமைச்சர் லாலு பிரசாத் 1997 இற் பதவி துறந்தார். 2013 இல் விசேட நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது.

இதில் நாம் கருத வேண்டியது தனிமனிதரது குற்றத்தை மட்டுமன்று. ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் இடையிலான பெருவேறுபாடு எவரும் அறியமுடியாத இரகசியமன்று. கணக்குகளை ஒப்பிட்டு நோக்கியோர் அதனைக் கண்டிருப்பர். 205 ஆவது உறுப்புரையின்படி, வாக்களித்த தொகைக்கு மேற் செலவாகிய ஒவ்வொரு ரூபாவும் மிகை மானியமாகச் சபையின் முன் வந்து விளக்கப்படல் வேண்டும். கணக்காய்வாளர் தலைமையதிபதியின் அறிக்கை 151 ஆவது உறுப்புரையின்படி ஆளுநரூடாகச் சபைக்கு வருகின்றது. அரசாங்கக் கணக்குக் குழு அதனை ஆராய்ந்து அதிகாரிகளை அழைத்து வினவலாம். ஏற்பாடுகள் யாவும் இருந்தன. அவற்றைக் காலத்தே இயக்குவோர் இல்லாதொழிந்தனர்.

இலங்கை நோக்கு

இவ்வாராய்ச்சி நமக்குத் தொலைவானதன்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தமும் அவ்வாண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் இந்திய மாநில அமைப்பைப் பெரிதும் ஒத்த நிதியேற்பாடுகளை இலங்கையிற் புகுத்தின. மாகாண நிதியம், ஆளுநரின் பரிந்துரை, ஆண்டு நிதிநிலை அறிக்கை, ஒதுக்கீட்டு நியதிச்சட்டம் என்பன அவ்வேற்பாடுகளின் உறுப்புகளாம். ஆயின், ஒன்பது சபைகளின் பதவிக்காலமும் 2017 இற்கும் 2019 இற்கும் இடையில் ஒவ்வொன்றாக முடிவுற்றபின், தேர்தலின்றிப் பல ஆண்டுகள் கழிந்தன. மாகாணப் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் இயங்கின. அவற்றுக்கான பணமும் செலவாயிற்று. அச்செலவுக்கு வாக்களிக்கவும் அதனைக் குறித்து வினவவும் வேண்டிய சபைகள் மட்டும் இருக்கவில்லை.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சட்டசபையின் நிதியதிகாரம் மதிப்பீடு, வாக்கு, சட்டம், கணக்காய்வு என்னும் நான்கு நிலைகளில் இயங்குகின்றது என்பது புலனாகும். உத்தரகாண்டில் வாக்கு எண்ணப்படாமையினால் அரசு தடுமாறிற்று. பீகாரில் கணக்கு உசாவப்படாமையினாற் பொதுப்பணம் அழிந்தது. இவ்விரண்டிலும் சட்டத்தின் வாசகத்திற் குறை இருந்ததில்லை. பட்டியலை மறுக்கும் திறைசேரி அலுவலர், கணக்காய்வு அறிக்கையைப் படித்து வரும் குழு உறுப்பினர், தம் வைத்தியசாலைக்குரிய வரியை மதிப்பீட்டு நூலில் தேடிப் பார்க்கும் பிரசை ஆகியோர் உள்ளவிடத்தே அவ்வாசகம் உயிர்பெறும். தேர்தலின்போது வாக்களித்ததோடு தம் கடமை முடிந்ததென மக்கள் எண்ணுவராயின், அவர்தம் பிரதிநிதிகளும் மார்ச் மாத இறுதியிற் கோரிக்கைகளுக்குக் கை உயர்த்தியதோடு தம் கடமை முடிந்ததென எண்ணுவர்.