வீட்டு வரி நீங்கியது. வாடகை ஏன் இறங்கவில்லை?

2022-ம் ஆண்டு ஜனவரி மாதம். தாராவி 90 அடி ரோட்டில் டீ குடித்துக் கொண்டு இருந்தேன். நெல்லைச் சீமையைச் சேர்ந்த தையல்காரர் ஒருவர், பேப்பரும் கையுமாக ஓடி வந்தார்.

"அண்ணாச்சி! 500 சதுர அடி வரைக்கும் வீட்டு வரியே கிடையாதாம். நம்ம ரூம் 120 அடிதானே? இனிமே வாடகை குறையும்லா?"

"குறைஞ்சா நல்லதுதான்" என்று சொல்லி அனுப்பினேன்.

குறையவில்லை. 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும், சயானில் அவர் குடியிருக்கும் ரூமுக்கு வாடகை 500 ரூபாய் கூடியது. "வரிதான் போயிட்டே, இது என்ன நியாயம்?" என்று அவர் என்னிடம் கேட்டார். ரெயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

யாருக்குச் சலுகை?

மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 500 சதுர அடிக்கு மேற்படாத குடியிருப்பு வீடுகளுக்கு 2022 ஜனவரி 1 முதல் சொத்து வரி நீக்கப்பட்டது. கல்யாண், டோம்பிவிலி, அம்பர்நாத் ஆகியவை மும்பை மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ளவை. இந்தச் சலுகை அங்கே செல்லாது.

சொந்த வீடு உள்ளவருக்கு இது உண்மையான உதவி. செம்பூரில் சின்ன வீடு வாங்கி, பென்ஷனில் காலம் தள்ளும் பெரியவருக்கு ஆண்டுதோறும் ஒரு செலவு மிச்சம். ஆனால் வாடகை ரூமுக்கு வரி கட்டுபவர் வீட்டுக்காரர். மிச்சமும் அவர் பைக்குத்தான் போகிறது.

அதில் ஒரு பங்கை அவர் நமக்குத் தரமாட்டாரா? காலையில் ஒரு ரூம் காலியானால் மாலைக்குள் பத்துப் பேர் டெபாசிட் பணத்தோடு வாசலில் நிற்கிறார்கள். அப்படி இருக்க, அவர் ஏன் குறைக்க வேண்டும்? வாடகையைத் தீர்மானிப்பது வரிச் சீட்டு அல்ல. ரூம்கள் எத்தனை, தேடுகிறவர்கள் எத்தனை என்ற கணக்குதான்.

1940-ம் ஆண்டு வாடகை

பழைய கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1947-ம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் அளவில் நிறுத்தி வைத்தது. குடியிருந்தவர்கள் பிழைத்தார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்களிடம் 'பகடி' என்ற பெயரில் பெருந்தொகை கேட்கும் வழக்கம் வளர்ந்தது.

அந்தக் காலத்தில் வீட்டு வரியும் வாடகையை வைத்தே போடப்பட்டது. சட்டம் அனுமதிக்கும் வாடகைக்கு மேல் வரி மதிப்பு போகக் கூடாது என்று டெல்லி வழக்கு ஒன்றில் 1979-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியது. இதனால் விலை உயர்ந்த தென் மும்பையில் உள்ள பழைய கட்டிடத்துக்கு வரி கொஞ்சம். புறநகரில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வரி அதிகம் என்ற நிலை வந்தது.

இதை மாற்றத்தான் 2010-ம் ஆண்டு புதிய முறை கொண்டு வரப்பட்டது. வாடகைக்குப் பதில், சொத்தின் சந்தை மதிப்பின் மீது வரி. பத்திரப்பதிவுக்கு அரசு வெளியிடும் விலைப் பட்டியலே அடிப்படை. சிறிய வீட்டுக்காரர்கள் தவிக்கக் கூடாது என்று, 500 சதுர அடி வரை 5 ஆண்டுகளுக்கு வரி உயர்வு கிடையாது என்றும் சொன்னார்கள்.

காலி மனையின் கதை

இந்தப் புதிய முறையில் காலி மனைக்கும் வரி உண்டு. அந்த மனையில் எதிர்காலத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதையும் மதிப்பில் சேர்க்க மாநகராட்சி விதி செய்தது. நிலச் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் பம்பாய் ஐகோர்ட்டு அந்த விதிகளை ரத்து செய்தது. 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நிலம் இன்று எப்படி இருக்கிறதோ அதைத்தான் மதிப்பிடலாம்; நாளை வரக்கூடியதற்கு இன்றே வரி போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அதன் பலனை ஒரு உதாரணத்தில் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு மனைகள். ஒருவர் நாற்பது வீடு கட்டி வாடகைக்கு விடுகிறார். மற்றவர் தகரம் அடித்துப் பூட்டி வைத்து, விலை ஏறட்டும் என்று காத்து இருக்கிறார். கட்டியவருக்கு நிலத்தோடு கட்டிடத்துக்கும் வரி. காத்திருப்பவருக்கு வெறும் மனை வரிதான். விலை ஏறும் வேகத்துக்கு முன்னால் அது சுண்டைக்காய்!

கட்டிடத்துக்கு வரியைக் குறைத்து, நிலத்துக்கு வரியைக் கூட்டினால் என்ன ஆகும்? பூட்டி வைப்பது நஷ்டமாகும். கட்டவோ விற்கவோ மனசு வரும். ரூம்கள் பெருகினால், தேடுகிறவர்கள் அலைவது குறையும். நிலத்தை மறைத்துத் தூக்கிக் கொண்டு வேறு ஊருக்கு ஓட முடியாது அல்லவா? அதனால்தான் நில வரியை நல்ல வரி என்று பொருளாதார நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள்.

வரியை விட்டு, நிலத்தையே எடுத்துக்கொள்ளும் வழியும் பார்த்தாகி விட்டது. 1976-ம் ஆண்டு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில், மும்பையில் ஒருவருக்கு 500 சதுர மீட்டர் காலி நிலம்தான் என்று வரம்பு கட்டினார்கள். விதிவிலக்குகளும் வழக்குகளும் பெருகின. 2007-ல் மராட்டிய அரசு அந்தச் சட்டத்தையே கைவிட்டது.

நாம் கேட்க வேண்டியது

வரிச் சலுகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வீடு உள்ளவருக்குக் கிடைத்த சலுகை. வீடு இல்லாதவருக்கு வேண்டியது நிலம் வெளியே வருவது. தேர்தல் நேரத்தில் "வரி இல்லை" என்று கைகூப்பி வருகிறவர்களிடம், "பூட்டிக் கிடக்கும் மனைக்கு எவ்வளவு வரி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றால், திருத்த வேண்டியவர்களும் அவர்கள்தான்.

தையல்காரரைப் போன வாரம் பார்த்தேன். ரூமைக் காலி செய்துவிட்டு அம்பர்நாத் போய் விட்டார். வாடகை குறைவுதான். ஆனால் தினமும் போக வர மூன்று மணி நேரம் ரெயிலில் நிற்கிறார்.

"வாடகையை இப்போ காலால கட்டுறேன், அண்ணாச்சி" என்றார்.