புல்லும் தேனீயும்

ஆனைமுகப் பெருமானுக்கு அடியார் சாத்தும் அறுகும், வேள்வியில் பரப்பும் தருப்பையும், திருவமுதிற்குரிய நெல்லும் புல்லினத்தைச் சார்ந்தவை. திருமுழுக்கிற்குரிய தேனை அளிப்பது தேனீ. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள உறவு அறியத்தக்கது.

தாமரையும் கொன்றையும் நிறத்தாலும் மணத்தாலும் வண்டினத்தை அழைக்கின்றன. புல்லின் பூவிற்கோ வண்ண இதழும் இல்லை, மதுவும் இல்லை. மெல்லிய இழைகளில் மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். சூல்முடி இறகுபோல் விரிந்திருக்கும். காற்றே மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும். நெல்லிலோ பெரும்பாலும் தன் பூவின் மகரந்தமே தன் சூல்முடியிற் படிந்துவிடுகிறது. மக்காச்சோளத்தின் உச்சியில் ஆண்பூங்கொத்தும் இடையில் பெண்கதிரும் தோன்றும். கதிரின் பட்டிழை ஒவ்வொன்றும் ஒரு மணிக்கு உரியது. மகரந்தம் சேராத இழையின் மணி உருவாவதில்லை.

அங்ஙனமாயின் புல்வெளியில் தேனீக்கு வேலை இல்லையோ எனின், உண்டு. தேனீயின் குஞ்சுகள் வளர மகரந்தம் இன்றியமையாதது. ஆதலின் மக்காச்சோளம், சோளம், கம்பு ஆகியவை பூக்கும்போது தேனீக்கள் வந்து மகரந்தத்தைத் திரட்டிப் பின்னங்கால்களில் உருண்டையாக ஏற்றிச் செல்கின்றன. மக்காச்சோளத்தில் அவை நாடுவது உச்சிப்பூவையே, பட்டிழையை அன்று. ஆகவே அப்பயிர் தேனீயை நம்பி விளைவதில்லை. தேனீயே அதன்பால் உணவு பெறுகிறது.

தொல்காப்பிய மரபியல், புறத்தே வைரம் உடையனவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையனவற்றை மரம் என்றும் வகுக்கும். அம்முறைப்படி தெங்கும் பனையும் புல்லேயாம். இன்றைய தாவர நூலார் அவற்றைத் தனிக் குடும்பமாகக் கொள்வர். தென்னம்பூவில் மது உண்டு. காற்றோடு தேனீயும் அங்கு மகரந்தம் சேர்க்கிறது. சன்னிதியில் உடைக்கும் தேங்காயில் அச்சிற்றுயிரின் உழைப்பும் அடங்கியுள்ளது.

'காற்றால் விளையும் பயிர்தானே' என்றெண்ணிக் கதிர் பூக்கும் காலைப்பொழுதில் நஞ்சு தெளித்தால், மகரந்தம் நாடி வரும் தேனீ மாளும்; நஞ்சு கூட்டிற்கும் சென்று சேரும். பின்னர் அண்டை நிலத்துத் தென்னையும் பூசணியும் காய்ப்புக் குன்றும். தெளித்தே தீரவேண்டுமெனின், தேனீக்கள் கூடடைந்த மாலைப்பொழுதே கேடு குறைந்தது.

நன்னிலம் மதுவனேசுவரர் திருக்கோயிலில் தேவர்கள் தேனீ வடிவில் இறைவனை வழிபட்டனர் என்பது தலவரலாறு. கோபுரத்தில் கூடு காணும் அன்பர்கள் கல்லெறியாமலும் புகையிடாமலும் விலகிச் செல்லுதல் அறமாகும். தம்மைக் காத்துக்கொள்ளும் வழியும் அதுவே.