கல்லாவை விட்டுக் கொஞ்சம் எழுந்திருப்போம்

நம் கடையில் உள்ள எடை இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்கி வைக்கிறோம். பத்து கிராம் கூடினால் நமக்கு நட்டம், குறைந்தால் வாடிக்கையாளருக்கு நட்டம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறோம். ஆனால் சென்ற ஓராண்டில் நம்மில் எத்தனை பேர் நம் உடம்பை நிறுத்துப் பார்த்திருக்கிறோம்? மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் விளையாட்டாக ஏறி நின்று, எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு இறங்கியதோடு சரி.

பொன்னேரி வட்டாரத்து மளிகைக்கடைக்காரரின் நாள் எப்படிப் போகிறது என்பது நமக்கே தெரியும். விடிவதற்குள் கடை திறக்க வேண்டும். செங்குன்றத்து அரிசி மண்டிக்கோ, பாரிமுனைக்கோ சரக்கு எடுக்கப் போகும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் கல்லாவுக்குப் பின்னால்தான். பகல் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு கடை அடைத்த பிறகு பத்தரைக்கு. சாப்பிட்ட கையோடு படுக்கை. நம்மிடம் சாமான் வாங்கும் பழவேற்காட்டு மக்கள் ஏரியில் இறங்கி வலை இழுக்கிறார்கள். பெண்கள் தண்ணீரில் தவழ்ந்தபடியே கையால் இறால் தடவிப் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு நடைப்பயிற்சி என்று தனியாக ஒன்றும் வேண்டியதில்லை. அவர்களுக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கும் நமக்குத்தான் வேண்டும்.

உட்கார்ந்தால் பசி குறையுமா?

"வேலை குறைவு என்றால் சாப்பாடும் தானாகக் குறைந்துவிடும்" என்று பலர் நினைக்கிறோம். அது அப்படி நடப்பதில்லை என்று காட்டிய ஆராய்ச்சி ஒன்று நம்மைப் போன்ற கடைக்காரர்களைப் பார்த்தே செய்யப்பட்டது. மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 பேரை ஜான் மேயர், பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா ஆகியோர் ஆராய்ந்து 1956இல் வெளியிட்டார்கள். அதில் பாரம் சுமப்பவர்களும் இருந்தார்கள், எழுத்தர்களும் இருந்தார்கள், ஆலைக் கடைத்தெருவில் நாள் முழுவதும் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த கடைக்காரர்களும் இருந்தார்கள். அளவான வேலை செய்தவர்கள் அளவாகச் சாப்பிட்டார்கள். கடும் உழைப்பாளிகள் அதிகம் சாப்பிட்டார்கள், ஆனால் எடை போடவில்லை. கடைக்காரர்களோ கடும் உழைப்பாளிகளுக்குச் சமமாகச் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்கே கூடியிருந்தது.

அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடம்புக்குப் பசியின் அளவுகோல் பழுதாகிவிடுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். ஆகவே கொஞ்சமாவது நடப்பது, அளவாகச் சாப்பிடுவதற்கும் துணை செய்யும்.

எடை குறையாவிட்டாலும் லாபம் உண்டு

நடக்கத் தொடங்கும் பத்துப் பேரில் பலர் ஒரே மாதத்தில் நிறுத்திவிடுகிறோம். காரணம் ஒன்றுதான். "முப்பது நாள் நடந்தேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை." இப்படிச் சொல்பவர்கள் நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சி ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்.

டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றிருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்து, இந்திய நீரிழிவு தடுப்புத் திட்டம் என்ற பெயரில் ஆராய்ந்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான யோசனை மட்டும் தந்தார்கள். இன்னொரு பிரிவினரை நாள்தோறும் குறைந்தது அரை மணி வேகமாக நடக்கவும், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்துச் சாப்பிடவும் தொடர்ந்து வலியுறுத்தினார்கள். மூன்றாண்டில் முதல் பிரிவில் 100க்கு 55 பேர் வீதம் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். நடந்த பிரிவில் அது 100க்கு 39 பேர் வீதம்தான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், நடந்தவர்களின் சராசரி எடை சொல்லும்படி குறையவில்லை. தராசு லாபம் காட்டவில்லை. உடம்புக்கு லாபம் வந்துவிட்டது.

இதற்குக் காரணம் உண்டு. நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. இந்த மாற்றம் முதல் வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறது. எடை குறைவது பின்னால் மெதுவாக வரும். புதுக்கடை போட்டவர் முதல் மாதமே லாபம் இல்லை என்று கதவை அடைப்பதில்லை அல்லவா?

எதை அளப்பது?

வயிற்றுச் சுற்றளவை அளப்பது எளிது. துணிக்கடை டேப் ஒன்று போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளிழுத்து அளந்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். நம் நாட்டவருக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. எல்லை. அதாவது சுமார் 35½ அங்குலமும் 31½ அங்குலமும். அதற்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. மாதம் ஒரு முறை அளந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைக்கலாம். எடையை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும். 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 4 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்க அது உதவும்.

முதல் மாதம்

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். கடையிலிருந்து ஐந்து நிமிடம் போய், ஐந்து நிமிடம் திரும்பி வருவோம். இரண்டாம் வாரம் பதினைந்து, மூன்றாம் வாரம் இருபது, நான்காம் வாரம் இருபத்தைந்து என்று கூட்டலாம். ஒரே தடவையில் நேரம் கிடைக்காதவர்கள் காலை பத்து, பகல் சாப்பாட்டுக்குப் பின் பத்து, இரவு பத்து என்று பிரித்துக்கொள்ளலாம். பலன் குறையாது. வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்றால் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு இதுதான்.

வேகம் எவ்வளவு? கூட வருபவரோடு பேச முடிய வேண்டும்; பாட்டுப் பாட மூச்சு இடம் கொடுக்கக் கூடாது. பழவேற்காடு சாலையில் நடப்பவர்கள் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடக்க வேண்டும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் வெயில் ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும்.

தமிழக அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. எட்டு கிலோமீட்டரா என்று புதியவர்கள் மலைக்க வேண்டாம். அதேபோல் செல்போன் காட்டும் "பத்தாயிரம் அடி" கணக்கும் 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியதுதான். அது வணிகர் வைத்த பெயர். மருத்துவர் வைத்த எல்லை அல்ல.

கடைக்குள்ளேயே

மழை நாளில் கடைக்குள்ளேயே செய்யக் கூடியவை உண்டு. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்போம். "தம்பி, அந்தத் துவரம்பருப்பை எடு" என்று சொல்வதற்குப் பதில் நான்கில் ஒன்றையாவது நாமே எழுந்து எடுப்போம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது தொடைக்கு நல்ல பயிற்சி. மூட்டை தூக்குவதை உடற்பயிற்சி என்று எண்ணித் திடீரென இறங்க வேண்டாம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும்.

டீக் கணக்கு

நாளுக்கு எட்டு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பதினாறு ஸ்பூன். ஸ்பூனுக்கு 5 கிராம் வைத்தால் 80 கிராம். மாதத்துக்கு 2 கிலோ 400 கிராம். ஆண்டுக்கு 29 கிலோவைத் தாண்டுகிறது! கிராமுக்கு 4 கலோரி வீதம் நாளுக்கு 320 கலோரி. அரை மணி நடையில் செலவாவது சுமார் 100 முதல் 150 கலோரிதான். ஆகவே நடையை மட்டும் நம்பி எடை குறையாது. செலவோடு வரவையும் பார்க்க வேண்டும். டீயை மூன்றாக்கி, சர்க்கரையைப் பாதியாக்கினாலே பெரிய மிச்சம்.

பேச்சுவாக்கில் டின்னில் கைவிட்டு எடுக்கும் முந்திரியும் மிக்சரும் எந்த நோட்டிலும் பதிவதில்லை, இடுப்பில் பதிகின்றன. பகல் சாப்பாட்டில் பாதித் தட்டு காய்கறியும் கீரையும், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்போ மீனோ இருக்கட்டும். பழவேற்காட்டு மீன் நமக்குக் கிடைத்த வரம். அதைப் பொரிப்பதை விடக் குழம்பாக வைப்பது நல்லது. கருவாடும் ஊறுகாயும் உப்பு மிகுந்தவை என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. இரவுச் சாப்பாட்டைக் கடைக்கே வரவழைத்து எட்டரைக்குள் முடித்துவிட்டால், படுக்கும் முன் செரிக்க நேரம் கிடைக்கும்.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

நாற்பது வயது தாண்டி இதுவரை எந்தப் பயிற்சியும் செய்யாதவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் பரிசோதித்துக்கொண்டே தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதற்குக் காசு கேட்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்கக் கூடாது. பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, இடக்கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்று உதவி கேட்க வேண்டும். "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக் காத்திருப்பது ஆபத்து.

நம் தொழிலில் ஆளுக்குப் பதில் ஆள் இல்லை. மீன்பாடு கிடைத்ததும் தருவதாகச் சொன்னவர்களின் பாக்கி பாதி நோட்டில், பாதி நம் மனதில் இருக்கிறது. நாம் ஒரு மாதம் படுத்தால் கடை மட்டுமல்ல, அந்த நாணயமும் நின்றுபோகிறது. கடைத்தெருவில் அடுத்தடுத்த கடைக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து கிளம்பினால் ஒருவர் சோம்பினாலும் மற்றவர் விடமாட்டார். நாளைக் காலை கடை திறக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குவோம்.