கிழிந்த கைலியும் போர்வையாகும்!



உங்கள் வீட்டுப் பீரோவின் அடித்தட்டைச் சற்றுத் திறந்து பாருங்கள். வாப்பாவின் சாயம் போன கைலி ஒன்று இருக்கும். உம்மா உடுத்தி உடுத்திப் பூப்போல் மென்மையாகிவிட்ட நூல் சேலை இருக்கும். மகளுக்குச் சிறுத்துப்போன பாவாடை, முழங்கையில் நைந்த கம்பெனிச் சீருடை, ஒரு பக்கம் கிழிந்த துப்பட்டி... இவற்றை இனி உடுத்தவும் இயலாது. எறிந்துவிடவும் மனம் வராது. பெருநாள் வரும்போதெல்லாம் வீடு ஒதுக்குகிறோம். அவற்றை எடுத்துப் பார்க்கிறோம். பெருமூச்சு விட்டு மீண்டும் மடித்து உள்ளேயே வைத்துவிடுகிறோம். ஆண்டுகள் பல சென்றபின் பூச்சி அரித்த அந்த மூட்டை, குப்பை வண்டியில்தான் போய்ச் சேருகிறது.

அந்த மூட்டைக்கு வேறொரு வழியும் உண்டு. ஓர் ஊசியும் ஒரு நூல்கண்டும் இருந்தால் போதும், அது போர்வையாகிவிடும்!

பென்னலூரின் பகல் பொழுது

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை நெருங்கும்போது வரும் ஊர் பென்னலூர். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு கார் உற்பத்தி தொடங்கியது. அதன் பின்னர் ஒரகடம் வரையிலும் ஆலைகள் எழுந்தன. இப்பகுதியின் பல குடும்பங்களுக்குக் கடிகாரம் என்பதே ஷிப்டு நேரந்தான். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் பகலில் உறங்குகிறார். அவர் கண்ணயர்ந்திருக்கும் வேளையில் மிக்ஸி ஓட்ட முடியாது. தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்க முடியாது. தையல் இயந்திரத்தை மிதிக்கவும் முடியாது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு அந்த மூன்று நான்கு மணி நேரம் ஓசையில்லாமல் கழிந்தாக வேண்டும்.

ஊசித் தையலுக்கு ஓசை கிடையாது. ஆகவேதான், இக்கலையைக் கற்க விரும்பும் சகோதரிகளுக்கு இயந்திரத்தை அன்று, கை ஊசியையே முதலில் பரிந்துரைக்கிறோம்.

கந்தையும் காந்தாவும்

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதை ‘குவில்டிங்’ என்று கூறி, இன்று நகரத்துப் பெண்கள் ஆவலோடு பயில்கின்றனர். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் இதற்கென ஒரு திருவிழாவே நடைபெற்றது. ஆயினும் இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்த போர்வைக்குக் ‘காந்தா’ என்று பெயர். கந்தைத் துணியைக் குறிக்கும் ‘கந்தா’ என்ற வடசொல்லுக்கும் நம்முடைய ‘கந்தை’ என்ற சொல்லுக்கும் இந்தக் ‘காந்தா’வுக்கும் உறவு உண்டு. பீகாரில் இதுபோன்ற வேலைப்பாட்டைச் ‘சுஜனி’ என்பர். சிந்து மாநிலத்தில் ‘ரல்லி’ என்பர். பெயர்கள் பல, கந்தை ஒன்றே!

நம் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒட்டுப்போட்ட துணியைக் கையில் எடுக்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சித்திப் பெண்களின் கவந்தி

பென்னலூரைத் தொட்டுச் செல்லும் அதே 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, பெங்களூரைத் தாண்டி ஹூப்ளி வழியாக வடக்கே செல்கிறது. ஹூப்ளியில் பிரிந்து அங்கோலா செல்லும் சாலையில் மேற்கே சென்றால் எல்லாப்பூர் வரும். அதைச் சுற்றியுள்ள வட கன்னட மாவட்டக் காடுகளில் சித்தி மக்கள் வாழ்கின்றனர். இவர்கள் ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள். நம் வரலாற்று நூல்கள் ‘ஹபஷிகள்’ என்று குறிப்பிடும் இனத்தார். கோவாவில் போர்த்துகீசியர்களிடம் அடிமைகளாக இருந்து, தப்பி வந்து காட்டில் குடியேறியவர்களின் சந்ததியினர் இவர்களில் பலர். இவர்களிடையே முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உள்ளனர். 2003-ஆம் ஆண்டில்தான் இம்மாவட்டத்துச் சித்திகள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

இவர்களுடைய பெண்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். முஸ்லிம் பெண்கள் சிலர் அதில் பிறை வடிவை வைப்பர். கிறிஸ்தவப் பெண்கள் சிலுவையை வைப்பர். நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து ‘பூலா’, அதாவது பூ, வைத்துத் தைப்பர். பூ இல்லாத கவந்தி, ஆடையில்லாத உடலைப் போன்றது என்பது அவர்களுடைய எண்ணம். போர்வையின் வயிறு நிறைந்திருக்க வேண்டும் என்று, நடு ஒட்டின் அடியில் சில அரிசி மணிகளை வைக்கும் வழக்கமும் உண்டு. வறுமையிலும் எவ்வளவு வளமான உள்ளம்!

இப்போர்வைகள் பேரப்பிள்ளைகளின் குளிருக்காகத் தைக்கப்பட்டவை. 2004-இல் அப்பெண்களுக்கென ஒரு கூட்டுறவு அமைப்பு தொடங்கியது. 2011-இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் கவந்திகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. காட்டுக் குடிசையின் கந்தை, கடல் கடந்து சென்று மதிப்புப் பெற்றது!

தொடங்குவோருக்கு ஏன் கவந்தி?

சதுரங்களை வெட்டி இணைக்கும் மேலைநாட்டு முறையில் அளவு மிக முக்கியம். ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு நூலளவு பிசகினாலும், பன்னிரண்டாவது சதுரத்தில் அது விரற்கடையாகிவிடும். புதிதாகத் தொடங்கும் பெண் மனமுடைந்து, பாதியிலேயே மூட்டை கட்டிவிடுவாள். கவந்திக்கு அளவுகோல் தேவையில்லை. ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்து, நடுவில் முடிப்பதே அதன் முறை. கோணலும் அதற்கு அழகே!

தேவையானவை

நன்கு துவைத்து இஸ்திரி போட்ட பருத்தித் துணிகள், தடித்த பருத்தி நூல், ஊசி, கத்தரி, நடுவிரலுக்கு ஓர் அங்குஸ்தான். இவ்வளவுதான். சாயம் போகும் துணியை முன்பே கண்டறியுங்கள். ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டும். அத்தகைய துணியை விலக்கிவிடுங்கள். விரலால் இழுத்தாலே கிழியும் துணியும் வேண்டாம்.

தைக்கும் முறை

முதல் முயற்சிக்குப் பெரிய போர்வை வேண்டாம். 32 அங்குலச் சதுர விரிப்பு ஒன்று போதும்.

1. அடித்துணியை 34 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். பழைய நூல் சேலையை இரண்டாக மடித்து, 32 அங்குலச் சதுரமாக வெட்டி, அதன் நடுவில் பரப்புங்கள். பஞ்சு தேவையில்லை, இதுவே உள்ளடுக்கு. இரண்டும் நகராதிருக்க, குறுக்கும் நெடுக்குமாகப் பெரிய தையலாக நூலோட்டி வையுங்கள்.

2. அடித்துணியின் ஓரத்தில் மிஞ்சும் ஓர் அங்குலத்தை நான்கு பக்கமும் மேலே மடித்துவிடுங்கள்.

3. நான்கிலிருந்து ஆறு அங்குல அகலமுள்ள ஒட்டு ஒன்றை எடுத்து, ஓரங்களை அரை அங்குலம் உள்ளே மடித்து, ஒரு மூலையில் பொருத்துங்கள். சிறு சதுரத் துணியை இருமுறை முக்கோணமாக மடித்து அம்மூலையில் செருகினால் பூவும் அமைந்துவிடும்.

4. எல்லா அடுக்குகளும் பிடிபடுமாறு, ஓரத்தை ஒட்டிக் கால் அங்குல ஓடுதையல் போடுங்கள். அடுத்த ஒட்டின் மடித்த ஓரம், முந்தைய ஒட்டின் பிசிறை மூட வேண்டும். உட்பக்கத்துப் பிசிறை மடிக்காமல் விடுங்கள். அடுத்த சுற்று அதை மூடிவிடும்.

5. அரை அங்குல இடைவெளியில் வரிசை வரிசையாகத் தைத்து, சுற்றி உள்ளே வாருங்கள். அவ்வப்போது பாயில் விரித்து உள்ளங்கையால் நீவிவிடுங்கள், சுருக்கம் விழாது. கடைசி ஒட்டை நாற்புறமும் மடித்துத் தைத்தால் விரிப்பு தயார்! முதலில் ஓட்டிய பெரிய தையலைப் பிரித்துவிடுங்கள்.

நூலை ஒரு கை நீளத்துக்கு மேல் கோக்காதீர்கள், சிக்கு விழும். நாளொன்றுக்கு அரை மணி நேரம் போதும். கண் சோர்ந்தால் நிறுத்திவிடுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊசிகளை எண்ணி எடுங்கள்; எண்ணி வையுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு உறங்கும்போது இதைப் போர்த்த வேண்டாம். மூச்சுத் திணறல் நேரலாம். விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடலாம்.

சீருடையும் பேசும்

ஆலைச் சீருடையின் துணி தடிப்பானது. ஊசி எளிதில் இறங்காது. ஆகவே அதை மெல்லிய சேலைத் துணியோடு கலக்காமல், தனியே ஒரு விரிப்பாகத் தையுங்கள். பொத்தான், தடித்த தையல், கம்பெனிப் பெயர் ஆகியவற்றை வெட்டி நீக்கிவிடுங்கள்.

உழைப்பாளியின் உடை எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு கறுப்பின மக்களின் ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண்மணி கணவரை இழந்தார். வயலில் அவர் உடுத்தி உழைத்த ஆடைகளை மகளின் துணையோடு கிழித்து, இணைத்து, 1942-இல் ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவிலேயே போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே அப்பெண்ணின் விருப்பம். 2002-இல் அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப்போல் சுவரில் தொங்கவிடப்பட்டன.

சகோதரிகளே! மறைந்தவரின் ஆடைகளும் அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேர்ந்தவையே. ஆகவே வாரிசுகளின் சம்மதத்தைப் பெற்று, உடுத்தத் தகுந்தவற்றை இல்லாதோருக்குக் கொடுத்துவிடுங்கள். எவருக்கும் உதவாமல் நைந்துபோனவை மட்டும் உங்கள் ஊசிக்கு மிஞ்சட்டும்.

கடையில் சில நூறு ரூபாய்க்குப் பளபளக்கும் கம்பளி கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் வாப்பாவின் கைலியும் உம்மாவின் சேலையும் அருகருகே அமர்ந்த போர்வை எந்தக் கடையில் கிடைக்கும்? நாளை உங்கள் பேத்தி அதை விரித்து, “இந்தப் பூப்போட்ட துணி யாருடையது?” என்று கேட்பாள். அவள் கண்டிராத ஒருவரைப் பற்றி நீங்கள் சொல்லத் தொடங்குவீர்கள்.

இன்றே பீரோவைத் திறங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த பெருநாளில் அந்த அடித்தட்டில் மூட்டை இராது; மடித்து வைத்த போர்வை இருக்கும்!